சனிக்கிழமைச் சம்பளப் பட்டியலில் நம் பெயர் எங்கே? சிறிய கட்டட ஒப்பந்தக்காரர்கள் தங்களுக்கு எப்படிச் சம்பளம் எடுக்கிறீர்கள்?

1. அமராவதிக்கரை (கரூர்)

வணக்கம். சிவில் டிப்ளமோ முடித்தேன். ஏழு ஆண்டுகள் ஒரு பொறியாளரிடம் தள மேற்பார்வையாளராக வேலை பார்த்தேன். கடைசியாக வாங்கிய சம்பளம் மாதம் 28,000 ரூபாய். ஐந்து ஆண்டுகளாகச் சொந்தமாக வீடு கட்டிக் கொடுக்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு அல்லது மூன்று வீடுகள் ஓடும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நான் முதலாளி.

போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மாலை ஐந்தரை மணிக்கு வெங்கமேட்டுத் தளத்தில் கூலி கொடுத்தேன். கொத்தனார் நான்கு பேர், ஆறு நாள், 1,100 வீதம் 26,400. சித்தாள் ஐந்து பேர், 650 வீதம் 19,500. ஆக 45,900. எல்லோரும் எண்ணிப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போனார்கள். நான் வீட்டுக்கு வந்தேன். மகனுடைய இரண்டாம் பருவக் கட்டணம் 14,000, திங்கட்கிழமை கடைசி நாள் என்றாள் மனைவி. நடப்புக் கணக்கில் 1,12,000 இருந்தது. அது முழுவதும் வெங்கமேட்டு வீட்டின் கூரைக் கான்கிரீட்டுக்கு வீட்டுக்காரர் போட்ட பணம். கம்பிக் கடைக்கும் சிமெண்டுக்கும் போக வேண்டியது. வேறு வழி தெரியாமல் அதிலிருந்தே 14,000 எடுத்து அனுப்பினேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற நடத்துநர். பணிக்கொடைப் பணத்தில் வீடு கட்டுகிறார்.

ஒன்பது பேருக்கு மணி தவறாமல் கூலி கொடுக்கிற எனக்கு எவ்வளவு கூலி, எப்போது, எதிலிருந்து என்று யாரும் சொல்லித் தரவில்லை. வங்கியில் வீட்டுக் கடன் கேட்டபோது, “மாத வருமானம் எவ்வளவு?” என்றார் மேலாளர். பதில் சொல்ல முடியவில்லை. சதுர அடி 2,300 வீதம் 1,150 சதுர அடி வீட்டுக்கு 26,45,000. பொருளுக்கும் ஆளுக்கும் எனக்கு 22,77,000 ஆகிறது. 3,68,000 நிற்க வேண்டும். ஐந்து ஆண்டுகளில் ஒருமுறை கூட அந்தப் பணத்தை முழுதாகக் கண்ணால் பார்த்ததில்லை. நீங்கள் எப்படி எடுக்கிறீர்கள்? உள்ளபடி சொல்லுங்கள்.

2. பழைய ரசமட்டம் (விருதுநகர்)

தம்பி, எனக்கு 61 வயது. சித்தாளாகத் தொடங்கி, கரணை பிடித்து, மேஸ்திரியாகி, அதன்பின் ஒப்பந்தம் எடுத்தவன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் 2007-ஆம் ஆண்டு கண்முன் வந்தது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அப்போது எனக்கு மூன்று வீடுகள். முதல் வீட்டுக் கூரையை இரண்டாவது வீட்டு அட்வான்ஸில் போட்டேன். இரண்டாவது வீட்டு பேஸ்மெண்டை மூன்றாவது வீட்டு அட்வான்ஸில் எழுப்பினேன். நடுவில் வீட்டுச் செலவு, தங்கை மகள் கல்யாண மொய், வண்டித் தவணை எல்லாம் அதே பையிலிருந்து போயின. கையில் எப்போதும் பணம் புழங்கியதால் சம்பாதிக்கிறேன் என்றே நினைத்தேன். நான்காவது வீட்டுக்காரர் பூமி பூஜைக்கு நாள் குறித்துவிட்டு, மனையில் வழக்கு இருக்கிறது என்று பின்வாங்கினார். அந்த ஒரு அட்வான்ஸ் வராததால் மூன்று வீடுகளும் ஒரே வாரத்தில் நின்றன. மனைவியின் ஒன்பது பவுன் அடகுக் கடைக்குப் போனது. அதை மீட்க நான்கு ஆண்டுகள் ஆயின.

அதற்குப் பிறகு செய்த காரியம் ஒன்றுதான். நீளமான கூலி நோட்டு ஒன்று வாங்கினேன். ஆள் பெயர், ஏழு கட்டம், நாள் கூலி, முன்பணம், பாக்கி என்று கோடு போட்டு, முதல் வரியில் என் பெயரை எழுதினேன். கொத்தனார் பெயர் இரண்டாவது வரியில் தொடங்கியது. முழு நாளுக்குப் பெருக்கல் குறி, அரை நாளுக்கு ஒற்றைச் சாய்கோடு, வராத நாளுக்குப் படுக்கைக் கோடு. இது எனக்கும் பொருந்தும். நான் கல்யாணத்துக்குப் போன நாளில் என் கட்டத்திலும் படுக்கைக் கோடுதான் விழும். சனிக்கிழமை எல்லோருக்கும் கொடுக்கும்போது எனக்கும் எண்ணி, தனிக் கவரில் போட்டு, நோட்டில் கையெழுத்துப் போடுவேன். அந்தக் கவர்தான் வீட்டுக்குப் போகும். பையில் மிச்சம் இருப்பது வீட்டுக்குள் நுழையக் கூடாது.

உங்கள் கணக்கில் எங்கே பிழை என்று பாருங்கள். 3,68,000 லாபம் என்கிறீர்கள். அந்த வீடு முடிய ஏழு மாதம் ஆகும் என்று வையுங்கள். உங்களுக்குத் தலைமைக் கொத்தனாரை விட நூறு ரூபாய் கூட்டி, நாள் 1,200 வீதம் மாதம் 25 நாளுக்கு 30,000. மூன்று வீட்டுக்கும் பங்கிட்டால் ஒரு வீட்டுக்கு மாதம் 10,000, ஏழு மாதத்துக்கு 70,000. வண்டி பெட்ரோல், போன், டீ, சின்னச் சின்ன அலைச்சல் எல்லாம் மாதம் 5,000 என்றால் 35,000. இரண்டும் சேர்ந்து 1,05,000. இது லாபமே இல்லை, வீட்டின் அடக்க விலை. அடக்கம் 23,82,000, சதுர அடிக்கு 2,071. அதன்மேல் பத்து சதவீதம் வைத்தால் ஏறக்குறைய 2,278 வருகிறது. நீங்கள் 2,300 சொன்னது சரியான விலை. அதில் 2,63,000 மட்டுமே லாபம் என்று தெரியாமல் போனதுதான் பிழை.

நீங்கள் உங்கள் கூலியையும் தொழிலின் லாபத்தையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றிக் குடித்திருக்கிறீர்கள்.

3. மஞ்சக்கொல்லை (நாகப்பட்டினம்)

ஐயா எழுதியது நெஞ்சில் நிற்கிறது. ஆனால் பக்கத்துத் தெருவில் ஒருவர் சதுர அடி 2,100-க்கு எடுக்கிறாரே, 2,300 சொன்னால் யார் கொடுப்பார்கள்? இன்னொன்று, வேலை இல்லாத மாதத்தில் அந்தக் கவரில் எதைப் போடுவது?

4. பழைய ரசமட்டம் (விருதுநகர்)

2,100-க்கு 1,150 சதுர அடி என்றால் 24,15,000. அடக்கம் 23,82,000. ஏழு மாதத்துக்கு மிஞ்சுவது 33,000. கம்பி விலை கொஞ்சம் ஏறினால் அதுவும் இல்லை. அப்படி எடுப்பவர் ஒன்று தன் கூலியைக் கணக்கில் சேர்க்கவில்லை, அல்லது கம்பியிலோ சிமெண்டிலோ கை வைக்கிறார். அந்த வேலை அவரிடமே போகட்டும் என்று இரண்டு வீடுகளை விட்டிருக்கிறேன். வருத்தமாகத்தான் இருந்தது.

வேலை இல்லாத மாதம் என்பது நம் தொழிலில் முன்பே தெரிந்த ஒன்று. பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி நான்கிலும் வாஸ்து நாள் கிடையாது. ஆடியில் வாஸ்து நாள் இருந்தாலும் எங்கள் பக்கம் மனை பூஜை போடத் தயங்குவார்கள். ஆக புது அட்வான்ஸ் வருவது ஏறக்குறைய ஏழு மாதங்களில்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூச்சு வேலை இழுக்கும். பன்னிரண்டு மாதச் சோற்றுக்கு ஏழு மாதம்தான் விதைப்பு. நான் தை முதல் வைகாசி வரை லாபத்தில் நிற்கும் பணத்தில், மூன்று மாதக் கூலிக்கு ஈடான தொகையைத் தனியாக அஞ்சலகத்தில் போடுவேன். 2025 ஏப்ரலில் கல்குவாரி, கிரஷர் வேலைநிறுத்தத்தால் எம்-சாண்டும் ஜல்லியும் வராமல் தளம் நின்றபோது என் வீட்டுக்குக் கவர் போனது அதிலிருந்துதான்.

5. கணக்குநோட்டு (பெருந்துறை)

நான் ஒப்பந்தக்காரரின் மனைவி. பி.காம். படித்தவள். இந்த இணையதளத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான் எழுதுகிறீர்கள், அதனால் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

காலை ஆறு மணிக்கு ஹார்டுவேர் கடைக்குப் போன் செய்வது நான். எந்தத் தளத்துக்கு எத்தனை மூட்டை இறங்கியது, ரசீது வந்ததா என்று சரிபார்ப்பது நான். சனிக்கிழமைக்குச் சில்லறை மாற்றி, கவர் கவராகப் பெயர் எழுதி வைப்பதும் நான்தான். வீட்டுக்காரர்கள் பணம் தாமதித்தால், “அக்கா, சார் போனை எடுக்கவில்லை” என்று எனக்குத்தான் அழைப்பு வரும். பதினொரு ஆண்டுகளாக இதைச் செய்கிறேன். எனக்கு ஒரு ரூபாய் சம்பளம் என்று எழுதப்பட்டதில்லை. என் அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். என் கணவர் நல்லவர், கேட்டால் கொடுப்பார். கேட்க வேண்டியிருக்கிறது என்பதுதான் வலி.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அவர் தளத்துக்கு ஒரு கணக்கரை வைக்கலாம் என்றார். என்ன சம்பளம் என்றேன். 15,000 என்றார். “அந்த 15,000-ஐ எனக்குப் போடுங்கள், நானே பார்க்கிறேன்” என்றேன். அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. அடுத்த மாதத்திலிருந்து என் வங்கிக் கணக்கில் விழுகிறது. அவருக்கு 35,000, எனக்கு 15,000. இரண்டும் மதிப்பீட்டிலேயே சேர்ந்துவிடுகிறது. அமராவதிக்கரை தம்பி, உங்கள் வீட்டிலும் கணக்கெழுதுகிற கை ஒன்று இருந்தால் அதற்கும் ஒரு வரி போடுங்கள்.

6. சென்ட்ரிங் பலகை (கோயம்புத்தூர்)

எல்லோரும் ஒரே பக்கம் நிற்பதால் மறுபக்கம் பேசுகிறேன். நான் முதல் ஆறு ஆண்டுகள் சம்பளமே எடுக்கவில்லை. அப்பாவின் தென்னந்தோப்பில் வீட்டுச் செலவு ஓடியது. தொழிலில் நின்ற பணத்தில், கூரைக் கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் இரும்பு சென்ட்ரிங் தகடு, ஜாக்கி, கலவை இயந்திரம், வைப்ரேட்டர் எல்லாம் சொந்தமாக வாங்கினேன். இன்று வாடகைக்கு எடுக்கிறவர்கள் கூரை போடும் நாளைக் கடைக்காரரிடம் கேட்டு முடிவு செய்கிறார்கள். நான் என் நாளை நானே முடிவு செய்கிறேன். தொடக்கத்திலேயே மாதம் 30,000 உருவியிருந்தால் ஆறு ஆண்டுகளில் 21,60,000 தொழிலை விட்டு வெளியே போயிருக்கும். அந்த முதல் இல்லாமல் நான் இந்த அளவு வந்திருக்க மாட்டேன். சின்னத் தொழிலில் முதல் ஐந்து ஆண்டு வயிற்றைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

7. கணக்குநோட்டு (பெருந்துறை)

அண்ணா, உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அந்த ஆறு ஆண்டுகளும் உங்களுக்குச் சம்பளம் கொடுத்தது உங்கள் அப்பாவின் தென்னந்தோப்பு. அது இல்லாதவர் வயிற்றைக் கட்டினால், கட்டப்படுவது பிள்ளைகளின் வயிறும்தான். அமராவதிக்கரை தம்பிக்குத் தோப்பு இருப்பதாக அவர் எழுதவில்லை. அவருக்குத் தோப்பாக இருப்பது ஓய்வு பெற்ற நடத்துநரின் பணிக்கொடை. அதில் கை போவதைத்தானே தடுக்கப் பார்க்கிறோம்?

8. சென்ட்ரிங் பலகை (கோயம்புத்தூர்)

சகோதரி சொன்னதை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. அப்பா கொடுத்ததை நான் செலவு என்று எங்குமே எழுதவில்லை. உண்மைதான்.

ஆனாலும் ஒன்றில் உறுதியாக இருக்கிறேன். சொந்தத் தகடு வைத்திருப்பவர்கள் அதற்கும் வாடகை எழுத வேண்டும். வெளிக்கடையில் என்ன வாடகையோ அதே வாடகையை ஒவ்வொரு வீட்டு மதிப்பீட்டிலும் சேர்த்து, அந்தப் பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். தகடு வளைந்து, ஓட்டையாகி, பழைய இரும்புக்குப் போகும் நாளில் புதுத் தகடு அந்தப் பணத்தில் வரும். இதைச் செய்யாததால் என் முதல் செட் தேய்ந்தபோது கடன் வாங்கினேன். இதுவும் நமக்கு வர வேண்டிய கூலிதான், வேறு பெயரில்.

9. பழைய ரசமட்டம் (விருதுநகர்)

சரியான பேச்சு. பலகைக்கும் கூலி உண்டு. என் நோட்டில் ஆட்கள் பட்டியலுக்குக் கீழே ‘பலகை’ என்று ஒரு வரி இருக்கிறது.

10. வரிப்படிவம் (மதுரை)

வரி ஆலோசகராக இருக்கிறேன். கட்டட ஒப்பந்தக்காரர்கள் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். ‘எனக்குச் சம்பளம் போட்டுச் செலவாகக் காட்டலாமா?’ என்ற கேள்வி எல்லோரிடமும் வரும். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

தனி உரிமையாளர் தனக்குத் தானே கொடுக்கும் பணம் வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் சம்பளம் ஆகாது, செலவும் ஆகாது. கணக்குப் பதிவில் அதன் பெயர் எடுப்பு. மாதம் 10,000 எடுத்தாலும் 50,000 எடுத்தாலும் உங்கள் வரிக்குரிய லாபம் மாறாது. பெரியவர் சொல்கிற கவர் முறை விலை நிர்ணயத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் மிக நல்லது. அதையும் வரிக் கணக்கையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வரிப் பக்கம், 2025-26 நிதியாண்டு வரை, பெரும்பாலோருக்குப் பொருந்துவது 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி (44AD) பிரிவு. ஆண்டு வரவு 2 கோடி வரை, ரொக்கமாக வந்தது மொத்த வரவில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை, இந்த வழியை எடுக்கலாம். வங்கி வழியாக வந்த தொகையில் 6 சதவீதமும் ரொக்கமாக வந்ததில் 8 சதவீதமும் குறைந்தபட்ச லாபம் என்று காட்ட வேண்டும். கணக்குப் புத்தகம் வைக்கும் கட்டாயம் இல்லை. முன்வரியை (அட்வான்ஸ் டாக்ஸ்) மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டினால் போதும். அமராவதிக்கரை அவர்களுக்கு ஆண்டு வரவு 78 லட்சம், அதில் 50 லட்சம் வங்கி வழி, 28 லட்சம் ரொக்கம் என்று வைத்தால் 3,00,000 கூட்டல் 2,24,000, ஆக 5,24,000. புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டுக்கு 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் கட்ட வேண்டிய வரி எதுவும் இல்லை. ஆனால் 6-ம் 8-ம் தரைமட்டம்தான். உண்மை லாபம் அதற்கு மேல் இருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும்.

வங்கி மேலாளர் கேட்ட கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. வருமானம் வரம்புக்குக் கீழே இருக்கிறதென்று வருமான வரிப் படிவமே போடாமல் விட்டவர்கள் கடன் கேட்கும்போது கையைப் பிசைகிறார்கள். வரி இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் படிவம் போடுங்கள். மாதம் ஒரே தேதியில், ஒரே தொகை, நடப்புக் கணக்கிலிருந்து சேமிப்புக் கணக்குக்கு மாறுவதும் வங்கிக்கு ஒரு சாட்சி.

44ஏடியில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒருமுறை இந்த வழியில் வந்துவிட்டு, இடையில் லாபம் குறைவு என்று வெளியேறினால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்ப வர முடியாது. அந்த ஆண்டுகளில் வருமானம் வரி விலக்கு வரம்பைத் தாண்டினால் புத்தகமும் தணிக்கையும் தேவைப்படும்.

கணக்குநோட்டு அம்மா கவனிக்க வேண்டியது: 44ஏடியில் இருக்கும்போது மனைவிக்குக் கொடுக்கும் சம்பளத்தைத் தனியாகக் கழிக்க முடியாது, அந்த 6 அல்லது 8 சதவீதத்துக்குள் எல்லாம் அடக்கம். புத்தகம் வைத்துக் காட்டுகிறவர்களுக்கும் மனைவிக்குத் தொழில்நுட்ப அல்லது தொழில்முறைத் தகுதி இருந்து, அந்தத் தகுதியால் வந்த சம்பளம் என்று காட்ட முடிய வேண்டும். இல்லையென்றால் அது கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். நீங்கள் பி.காம்., பதினொரு ஆண்டு அனுபவம். என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒரு நியமனக் கடிதமும், வங்கி வழிப் பரிமாற்றமும் வைத்திருங்கள்.

ஜிஎஸ்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனி வீட்டுக்கு வெறும் கூலி ஒப்பந்தம் என்றால் விலக்கு உண்டு. பொருளோடு எடுத்தால் 18 சதவீதம். சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் பதிவு கட்டாயம். வீட்டுக்காரரிடம் வாங்கிய வரிப் பணம் உங்கள் கணக்கில் ஒரு மாதம் தங்கிப் போகும் விருந்தாளி. அதிலிருந்து எடுப்பு எடுத்தவர்கள்தான் என் அலுவலகத்துக்குக் கலங்கிய முகத்தோடு வருகிறார்கள்.

11. ஒன்றியத்து வேலை (சிவகங்கை)

நான் அரசு வேலை எடுப்பவன். சிறுபாலம், பள்ளிச் சுற்றுச்சுவர், அங்கன்வாடிக் கட்டடம். எனக்கு வாரக் கவர் நடக்காது. முடிந்த வேலையை அதிகாரிகள் அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் பதிவாகி, பில் கருவூலம் போய் வரும்வரை ஒரு ரூபாய் வராது. ஆண்டில் மூன்று முறை பணம் வந்தால் பெரிது, அதில் பெரியது மார்ச்சில்.

10 லட்சம் மதிப்புள்ள வேலை என்றால் வருமான வரிப் பிடித்தம் 1 சதவீதம், ஜிஎஸ்டி பிடித்தம் 2 சதவீதம், தொழிலாளர் நல நிதி 1 சதவீதம், இவற்றிலேயே 40,000 போய்விடும். அதற்கு மேல் பிணைத்தொகை. இந்த வருமான வரிப் பிடித்தத்தை நிறையப் பேர் போனது போனதுதான் என்று விட்டுவிடுகிறார்கள். படிவம் போட்டால் நமக்கு வரி இல்லாத அளவுக்குத் திரும்பி வரும். ஜிஎஸ்டி பிடித்தமும் நம் மின்னணு ரொக்கப் பேரேட்டில் வரவாக நிற்கும், கட்ட வேண்டிய வரிக்குக் கழித்துக்கொள்ளலாம். போன ஆண்டு எனக்குத் திரும்பி வந்த பணத்தில்தான் மகளைக் கல்லூரியில் சேர்த்தேன்.

என் சம்பளத்துக்கு நான் செய்தது வேறு. மார்ச் பணம் வந்ததும் பன்னிரண்டு மாதச் செலவை ஒரே வைப்பாகப் போட்டு, மாதம் 25,000 மனைவி கணக்குக்கு மாறும்படி நிலையாணை கொடுத்துவிட்டேன். அதை உடைக்க அவள் கையெழுத்தும் வேண்டும்.

12. பெரியகோயில் நிழல் (தஞ்சாவூர்)

வரிப்படிவம் ஐயாவுக்கு ஒரு கேள்வி. நானும் என் மைத்துனரும் கூட்டாக நடத்துகிறோம். அவர் 12 லட்சம் முதல் போட்டார். வேறு ஊரில் கடை வைத்திருக்கிறார். நான் பணம் போடவில்லை, காலை ஏழு மணி முதல் மாலை ஆறு வரை தளத்தில் நிற்கிறேன். மூன்று ஆண்டுகளாக லாபம் பாதிக்குப் பாதி. எனக்குச் சம்பளம் தனியாக வேண்டும் என்று கேட்டேன். “கூலிக்காரனைப் போலப் பேசாதே, நீ பங்காளி” என்றார். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு குறைந்துவிட்டது. போன மாதம் அவர் மகன் காதுகுத்தில் நான் பந்தலுக்கு வெளியே நின்றேன்.

13. வரிப்படிவம் (மதுரை)

கேட்டது தவறே இல்லை. கூட்டு நிறுவனத்தில், தனி உரிமையாளருக்கு இல்லாத வசதியைச் சட்டமே தருகிறது. உழைக்கும் பங்குதாரருக்குச் சம்பளமும், முதல் போட்டவருக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வரை வட்டியும் நிறுவனத்தின் செலவாகக் கழியும். கூட்டுப் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும், அது முக்கியம். சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2024-25 நிதியாண்டு முதல், லாபத்தில் முதல் 6 லட்சத்துக்கு 90 சதவீதம் அல்லது 3 லட்சம், இவற்றில் எது அதிகமோ அது. மீதிக்கு 60 சதவீதம்.

உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம். ஆண்டு லாபம் 10,44,000 என்று வையுங்கள். மைத்துனரின் 12 லட்சத்துக்கு வட்டி 1,44,000. மீதி 9,00,000. அதில் சம்பளம் 7,20,000 வரை போகலாம். நீங்கள் மாதம் 30,000 வீதம் 3,60,000 எடுக்கிறீர்கள். நிற்பது 5,40,000. அதற்கு நிறுவனம் 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸுமாக 1,68,480 கட்டும். மிச்சம் 3,71,520, ஆளுக்கு 1,85,760. அவர் பணத்துக்கும் கூலி கிடைத்தது, உங்கள் உடம்புக்கும் கிடைத்தது, கூட்டுக்குரியது பாதியாகப் பிரிந்தது. இந்தத் தாளை அவரிடம் காட்டுங்கள். அவருக்கு வரும் வட்டியை முதலில் காட்டுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். நிறுவனம் 44ஏடியில் இருந்தால் இந்தச் சம்பளத்தையும் வட்டியையும் கழிக்க முடியாது, புத்தகம் வைத்தாக வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல், 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்ந்த 194டி (194T) பிரிவின்படி பங்குதாரருக்குத் தரும் சம்பளம், வட்டி எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 20,000 தாண்டினால் நிறுவனம் 10 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். ஒப்பந்தக்காரர் பிடித்தம் 194சி. இது வேறு.

14. பழைய ரசமட்டம் (விருதுநகர்)

தஞ்சாவூர்த் தம்பிக்கு: தாளை நீங்கள் நேராக நீட்டாதீர்கள். உங்கள் மனைவி தன் அண்ணனிடம் கொண்டு போகட்டும். சொந்தத்தில் கணக்குப் பேசும்போது யார் வாயிலிருந்து வருகிறது என்பதற்கும் விலை உண்டு.

இன்னொன்று சொல்ல வேண்டும். என்னிடம் இருபது ஆண்டு இருந்த சித்தாள் அம்மா கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்து இன்று ஓய்வூதியம் வாங்குகிறார். எனக்கு அது இல்லை. நான் வேலை கொடுப்பவன் பக்கம் போய்விட்டேன். முதுகு வலி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அந்தச் சனிக்கிழமைக் கவரில் ஒரு பகுதி அறுபது வயதுக்குப் போக வேண்டும் என்று ஐம்பதில்தான் புரிந்தது. பொது வருங்கால வைப்பு நிதியில் போட்டேன். பதினைந்து ஆண்டு பூட்டு, ஆண்டுக்கு 1,50,000 வரை. நீதிமன்றத் தீர்ப்பால் கடன்காரர்கள் அதை முடக்க முடியாது என்பது நம் தொழிலில் சின்ன விஷயம் இல்லை. சாரத்தில் ஏறுகிறவர்கள் ஆண்டுக்கு 20 ரூபாய் பிரதமர் விபத்துக் காப்பீட்டையாவது விடாதீர்கள். நான் முப்பதுகளில் தொடங்கியிருந்தால் இன்று வெயிலில் நிற்க வேண்டியதில்லை. நீங்கள் முப்பதுகளில் இருக்கிறீர்கள்.

15. மஞ்சக்கொல்லை (நாகப்பட்டினம்)

இன்று மூன்று நோட்டு வாங்கிவிட்டேன். ஒன்று என் தம்பிக்கு. அவனும் கம்பி கட்டும் வேலை எடுத்துச் செய்கிறான்.

16. அமராவதிக்கரை (கரூர்)

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி.

முதலில் தாந்தோணிமலை வீட்டுக்கான மதிப்பீட்டைத் திரும்பப் போட்டேன். பேச்சு முடியவில்லை, சதுர அடி 2,150 என்று வாயால் மட்டும் சொல்லியிருந்தேன். நானும் மனைவியும் உட்கார்ந்து பெரியவர் சொன்னபடி என் கூலி, அவள் கூலி, வண்டிச் செலவு, சென்ட்ரிங் வாடகை எல்லாம் எழுதினோம். 2,310 வந்தது. வீட்டுக்காரரிடம் போய் முழுத் தாளையும் காட்டினேன். ‘மேற்பார்வைக் கூலி’ என்ற வரியில் விரலை வைத்து, “இது என்ன?” என்றார். “நான் தினமும் உங்கள் தளத்துக்கு வருவதற்கான கூலி. இதை எழுதாவிட்டால் உங்கள் சிமெண்டிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்” என்றேன். அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். 2,280-க்கு முடிந்தது. சதுர அடிக்கு முப்பது ரூபாய் லாபத்தில் குறைந்தது, கூலியில் கை வைக்கவில்லை.

ஒவ்வொரு வீட்டுப் பணத்துக்கும் நோட்டில் தனிப் பக்கம் போட்டுவிட்டோம். முடிந்த கட்டத்தின் பணத்திலிருந்து மட்டும்தான் எங்கள் கூலி. அட்வான்ஸைத் தொடுவதில்லை. வெங்கமேட்டில் கூரை போட்டு முடித்து, அந்தக் கட்டத் தொகை வந்த பிறகுதான் முதல் கவர் எடுத்தேன். அதுவரை மூன்று வாரம் மாமனாரிடம் கைமாற்று வாங்கிச் சமாளித்தோம். அந்த மூன்று வாரம் கடினமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கூலி நோட்டின் முதல் வரியில் என் பெயர், இரண்டாவது வரியில் மனைவியின் பெயர். முதல் சனிக்கிழமை தலைமைக் கொத்தனார் அண்ணன் கையெழுத்துப் போட வந்தவர் மேலே பார்த்தார். “என்ன தம்பி, உங்களுக்கும் நாள் கணக்கா?” என்றார். “ஆமாம் அண்ணா” என்றேன். “அப்படியானால் புதன்கிழமை நீங்கள் வரவில்லையே” என்றார். பத்திரப் பதிவு அலுவலகத்துக்குச் சொந்த வேலையாகப் போயிருந்தேன். புதன் கட்டத்தில் போட்டிருந்த பெருக்கல் குறியை அடித்துவிட்டுப் படுக்கைக் கோடு போட்டேன். ஐந்து நாள், 1,200 வீதம் 6,000.

நடத்துநர் ஐயாவின் பணத்திலிருந்து எடுத்த 14,000-இல் 8,000 திருப்பி வைத்துவிட்டேன். அவரிடமும் சொல்லிவிட்டேன். மீதி 6,000 வரும் இரண்டு சனிக்கிழமைகளில் போய்விடும்.